பூசணிக்காய்க்கும் பர்மிட் வேண்டும்

ஹைட்ரஜன் பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டார்கள். பேசினால் நடுவில் டீ வரும், நீங்கள் ஃபோனைப் பார்ப்பீர்கள், எனக்குக் கோபம் வரும். ரிட்டயர் ஆன பிறகும் கோபம் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அழுத்தம் எவ்வளவு, வால்வு எது, எதற்கும் எதற்கும் நடுவில் எத்தனை தூரம் என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது ஒரு ஆயுத பூஜையைப் பற்றி. என் சர்வீஸின் கடைசி வருடத்தில் நடந்தது. ஒரு பெண்ணுக்கு வேலை இருக்குமா போகுமா என்பது நான் எழுதவேண்டிய ரிப்போர்ட்டைப் பொறுத்திருந்தது. அவளோடு சேர்த்து, இந்தத் தொழிலில் பெண்கள் மெஷின் பக்கத்தில் நிற்கலாமா கூடாதா என்பதும் அதைத்தான் பொறுத்திருந்தது.

என் சர்வீஸில் பெரும்பகுதி ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும்தான் போனது. தொழிற்சாலைப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர். ஆரம்பத்தில் நான் ஜீப்பை விட்டு இறங்கினால், கேட்டில் நிற்பவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். “சார் வரலீங்களா?” என்று கேட்பார். வரவில்லை, நான்தான் என்று சொல்லுவேன். அவர் உள்ளே ஃபோன் செய்து, “சார் வரல, மேடம் ஒருத்தங்க வந்திருக்காங்க” என்பார். உள்ளே இருப்பவர்கள் ஒருவித நிம்மதியோடு காபி கொண்டுவரச் சொல்வார்கள். சாயங்காலம் நான் கிளம்பும்போது அந்த நிம்மதி இருக்காது. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைட்ரஜன் எங்களுக்குப் புதிதல்ல. ஓசூரில் வண்டிப் பாகங்களைப் பதப்படுத்தும் உலைகளில் அது நெடுநாளாக இருக்கிறது. ஆனால் தண்ணீரைப் பிரித்து, சோலார் கரண்டில் அதைத் தயாரித்து, லாரியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பும் யூனிட்டுகள் வர ஆரம்பித்ததும் பழைய விதிகள் போதவில்லை. புதிய விதிகளை எழுத ஒரு குழு போட்டார்கள். அதில் பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருவர் பெங்களூரிலிருந்து வந்த சட்ட ஆலோசகர் சுபா. வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர். ஒரு வாக்கியத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

எங்களுக்குக் கொடுத்த முதல் வரைவில் ஒரு வரி இருந்தது. கேஸ் நிரப்பும் பகுதியிலும் கம்ப்ரஸர் பகுதியிலும் அதன் கட்டுப்பாட்டு அறையிலும் பெண்களைப் பணியமர்த்தக் கூடாது. இதை யார் சேர்த்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. வேறு ஏதோ பழைய விதியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. யாராவது எழுதிய விதியென்றால் எழுதியவரோடு சண்டை போடலாம். யாருமே எழுதாத விதியை எடுப்பதுதான் கடினம். அதைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி வைத்தார்கள்.

இப்போது அந்த ஆயுத பூஜை நடந்த யூனிட்டுக்கு வருகிறேன். சூளகிரிக்கும் குருபரப்பள்ளிக்கும் நடுவில், ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. கண்ட்ரோல் ரூமிலும் நிரப்பும் இடத்திலும் பாதிக்கு மேல் பெண்கள். சுற்றுவட்டாரத்தில் மாந்தோப்பிலும் தக்காளிக் காட்டிலும் கூலி வேலை பார்த்த குடும்பங்களிலிருந்து டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்து வந்தவர்கள். அவர்களில் ஒருத்தி மஞ்சுளா. குந்தாரப்பள்ளிச் சந்தையில் அப்பா மூட்டை தூக்குகிறவர். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், பிளாண்ட் ஹெட் நாகராஜிடம் கன்னடம், மெஷினோடு ஆங்கிலம். அந்தப் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை.

அந்த ஆயுத பூஜை அன்று மத்தியானம் நான் எங்கள் ஆபீஸில் பொரி கடலை தின்றுகொண்டிருந்தேன். ஜீப்புக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி முடித்திருந்தோம். நாகராஜ் ஃபோன் செய்தார்.

“மேடம், ஒந்து நிமிஷம். எங்க பொண்ணு ஒருத்தி எமர்ஜென்சி ஸ்டாப்பை அமுக்கிட்டா. பிளாண்ட் மொத்தமும் நின்னு போச்சு. லீக் இல்ல, அலாரம் இல்ல, ஒண்ணுமே இல்ல. முதலாளி குடும்பத்தோட வந்திருக்காரு. பூசணிக்காய் சுத்தற நேரத்துல சைரன் அடிச்சா எப்படி இருக்கும் சொல்லுங்க.”

“யாருக்காவது அடி பட்டுச்சா?”

“முதலாளியோட மாமனார் ஓடறப்ப விழுந்து முட்டிய சிராய்ச்சிக்கிட்டாரு.”

“பூசணிக்காய்?”

“அது கீழ விழுந்து ஒடஞ்சி போச்சு மேடம்.”

“அப்ப அந்த வேலை முடிஞ்சிது” என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவளை சஸ்பெண்ட் செய்யச் சொல்லி முதலாளி உத்தரவிட்டுவிட்டார் என்றும், பிளாண்ட் நின்றால் எங்களுக்குச் சொல்லவேண்டும் என்பதால்தான் சொல்கிறேன் என்றும் சொன்னார். நாகராஜ் நல்ல மனிதர். ஆனால் பயந்த மனிதர். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் நல்ல குணம் எப்போதும் ஒரு அடி பின்னால்தான் வரும்.

நான் போய்ச் சேர்ந்தபோது மீட்டர் ஒவ்வொன்றின் மேலும் சந்தனமும் குங்குமமும் இருந்தன. கேஸ் நிரப்பிக்கொண்டிருந்த டிரெய்லருக்குச் சாமந்தி மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. தரையில் பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. அதன் ஒரு துண்டில் பாதி எரிந்து அணைந்த கற்பூரத்தின் கரி இருந்தது. அது விழுந்த இடத்திலிருந்து டிரெய்லரின் குழாய்வரை நடந்து பார்த்தேன். நாலைந்து எட்டுதான்.

நடந்தது இதுதான். பூஜைக்கு முன்னால் கேஸ் நிரப்புவதை முடித்துவிடுவதாகத் திட்டம். ஓசூரில் ஒரு உலைக்கு அவசரமாக இன்னொரு லோடு கேட்டார்கள். நிரப்புவது இழுத்துக்கொண்டே போனது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஐயர் அவசரப்படுத்தினார். பம்பைக்காரர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். முதலாளி பூசணிக்காயின் மேல் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு, வண்டிக்குத் திருஷ்டி கழிக்க நேராக டிரெய்லரை நோக்கி நடந்தார். பூஜை தொடங்கிவிட்டது என்று கண்ட்ரோல் ரூமுக்கு யாரும் சொல்லவில்லை.

நெருப்பு கூடாது என்று அங்கே எல்லாருக்கும் பயிற்சி உண்டு. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி என் ஃபோனைக்கூட வாங்கி வைப்பவர். தீப்பெட்டியோடு ஒரு ஈ உள்ளே போக முடியாது. ஆனால் எரிகிற பூசணிக்காய் வந்தபோது அவர் வழிவிட்டு ஒதுங்கி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெல்டிங் செய்ய வேண்டுமென்றால் அங்கே மூன்று பேரிடம் பர்மிட் வாங்க வேண்டும். கற்பூரமும் நெருப்புதான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்காக அவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். விதி எழுதும் குழுவில் இருந்த எங்களுக்கும் அதுவரை தோன்றவில்லை. பூஜை என்பது விதிகள் நுழையாத ஓர் இடத்தில் தனியாக இருந்தது.

மஞ்சுளாவைப் பயிற்சி அறையில் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். மற்ற பெண்களெல்லாம் பட்டுப்புடவையில் இருக்க, டியூட்டியில் இருந்ததால் அவள் மட்டும் யூனிஃபார்மில் இருந்தாள். மடியில் ஒரு டிபன் டப்பா. திறந்துதான் இருந்தது. உள்ளே கனகாம்பரம். டியூட்டியில் பூ வைக்கக் கூடாது என்பதால், முடிந்ததும் வைத்துக்கொள்ள எடுத்து வந்திருக்கிறாள்.

“என்னம்மா ஆச்சி?” என்றேன்.

“கேமராவுல பார்த்தேன் மேடம். பூசணிக்காய் மேல எரியுது. முதலாளி தூக்கிக்கிட்டு வண்டிகிட்ட வராரு. வண்டி ஃபில்லிங்ல இருக்குது. வாக்கி-டாக்கில கூப்பிட்டுப் பார்த்தேன், பம்பை சத்தத்துல யாருக்கும் கேக்கல. ஓடலாம்னு எழுந்தேன். நான் ஓடிப் போயி சேர்றதுக்குள்ள அவரு ஒரு சுத்து சுத்தி முடிச்சிருப்பாரு.”

“லீக் மீட்டர் என்ன காட்டுச்சி?”

“சைபர் மேடம்.”

“சைபர்னு தெரிஞ்சே அமுக்கினியா?”

அவள் டப்பாவை மூடினாள். “தெரிஞ்சேதான். ஆனா சரின்னு நெனச்சி அமுக்கல மேடம். பயந்துக்கிட்டுதான் அமுக்கினேன். அமுக்கினப்புறம் இன்னும் பயமாயிடுச்சி.”

அந்த பட்டனுக்குப் பக்கத்தில் கம்பெனி ஒட்டி வைத்திருந்த அறிவிப்பு, அலாரம் அடித்தால் அல்லது கேஸ் எரிவது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் அமுக்கவும் என்று சொன்னது. உங்களுக்குத் தெரியும், ஹைட்ரஜன் பகல் வெளிச்சத்தில் எரிந்தால் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்ணால் பார்த்த பிறகு நிறுத்து என்று கேட்டிருக்கிறார்கள். இருந்தாலும் எழுதியிருப்பது எழுதியிருப்பதுதான். அதன்படி பார்த்தால் மஞ்சுளா செய்தது தவறு.

நான் ஜீப்பில் ஏறப் போகும்போது டிரெய்லர் டிரைவர் முனுசாமி பின்னாலேயே வந்தார். நாட்றாம்பாளையம் பக்கத்து மலையூர்க்காரர். அந்த வட்டாரத்தில் யாரையும்விட நிதானமாக வண்டி ஓட்டுகிறவர்.

“மேடம், ஒரு சமாச்சாரம். ஹோஸ் மாட்டற எடத்துல லேசா உஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சிங்க.”

“எப்ப?”

“பூஜைக்கு மின்னாடி.”

“மொதல்ல கேட்டப்ப சொல்லலியே.”

அவர் தரையைப் பார்த்தார். “வந்துச்சின்னு எழுதிக்கங்க மேடம். எங்க கூப்பிட்டு கேட்டாலும் நான் அதையே சொல்றேன். என் வண்டிக்கு சுத்த வந்த பூசணிக்காதானுங்க. அந்தப் புள்ளைக்கு எதுக்குங்க கஷ்டம்?”

ஹோஸைக் கழற்றியாகிவிட்டது. கசிவு இருந்ததா இல்லையா என்று இனி யாரும் சோதிக்க முடியாது. கசிவு இருந்தது என்று நான் எழுதினால், மஞ்சுளா அத்தனை பேரைக் காப்பாற்றியவள் ஆகிவிடுவாள். முதலாளிக்குச் சாமியே காப்பாற்றியது என்ற ஆறுதல் கிடைக்கும். நாகராஜ் ஹோஸ் சப்ளை செய்தவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். எல்லாருக்கும் நல்லது. எனக்கும்தான். இவ்வளவு நல்ல பொய் என் சர்வீஸில் அதற்கு முன் வந்ததில்லை.

உண்மையைச் சொல்கிறேன், குருபரப்பள்ளியில் டீ குடிக்க நிறுத்திய வரைக்கும் நான் அதை எழுதிவிடும் எண்ணத்தில்தான் இருந்தேன். டீக்கடையில் பஜ்ஜிக்காரர் எண்ணெய் புகைய ஆரம்பித்ததும் அடுப்பை அணைத்தார். எதுவும் பற்றிக்கொள்ளவில்லை. ஏன் அணைத்தாய், எதுவும் எரியவில்லையே என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவர்பாட்டுக்கு மறுபடி பற்றவைத்து பஜ்ஜி போட்டார். அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

கசிவு இருந்ததால் மஞ்சுளா செய்தது சரி என்று எழுதினால், கசிவு இல்லாமல் அமுக்கினால் தவறு என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். அடுத்த முறை அந்த நாற்காலியில் இருக்கும் பெண், பட்டனைத் தொடுவதற்கு முன்னால் கசிவைத் தேடுவாள். தேடிக் கண்டுபிடிக்கிற நேரத்தை ஹைட்ரஜன் நமக்குத் தராது. காப்பாற்றவேண்டியது, கசிவே இல்லாதபோது செய்த அந்த நிறுத்தத்தைத்தான். கசிவோடு சேர்த்துக் காப்பாற்றினால் அதற்கு அர்த்தம் கிடையாது.

ஆனால் அது என் கொள்கை. போவது அவள் வேலை. அவளைக் கேட்காமல் நேர்மையாக இருக்க எனக்கு என்ன உரிமை? ஜீப்பைத் திருப்பச் சொன்னேன். டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மஞ்சுளா கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். முனுசாமி சொன்னதையும் நான் நினைப்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

“லீக்குன்னு எழுதினா என் வேலை நிக்கும்தானே மேடம்?”

“நிக்கும்.”

“இல்லன்னு எழுதினா?”

“தெரியாதும்மா. நான் சண்டை போடுவேன். ஜெயிப்பேன்னு சொல்ல முடியாது.”

அவளுக்குக் கோபம் வந்தது. முகத்தில் நன்றாகவே தெரிந்தது. “நீங்க ஈஸியா சொல்லிட்டீங்க மேடம்” என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

மறுநாள் காலையில் ஃபோன் செய்தாள். “இல்லன்னே எழுதுங்க மேடம். எனக்காக முனுசாமி அண்ணன் பொய் சொல்லி மாட்டிக்கிட்டா அவரு லைசென்ஸ் போயிடும். அப்புறம், என் சீட்டுல அடுத்த ஷிஃப்ட்டு சுமதி உக்காருது. அது என்னைவிட பயந்தது. ஆனா ஒண்ணு. வேலை போச்சின்னா உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்துக்குவேன்.”

“வா, சோறு போடறேன்” என்றேன்.

“பரவாலேது மேடம், பருப்பு நல்லா வெச்சி வையுங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

குழு ஓசூரில் கூடியது. என் ரிப்போர்ட் எல்லார் கையிலும் இருந்தது. கசிவு இல்லை, அலாரம் இல்லை, நிறுத்தியது சரி. குழுத் தலைவர் கெட்டிக்காரர். தேவையில்லாமல் யாரையும் புண்படுத்த மாட்டார். அன்று அவருக்கே பொறுமை போய்விட்டது.

“கசிவு இல்லைன்னு நீங்களே எழுதறீங்க. நிறுத்தினது சரின்னும் நீங்களே எழுதறீங்க. ரெண்டும் எப்படிம்மா சேரும்?”

“கசிவு இல்லைங்கறது அப்புறமா தெரிஞ்சது சார். அந்தப் பொண்ணு முடிவெடுத்த நேரத்துல அதுக்குத் தெரிஞ்சதை வெச்சித்தான் நான் எழுதியிருக்கேன். நிரப்பிக்கிட்டிருக்கற வண்டி, பக்கத்துல வர்ற நெருப்பு. இது போதாதா?”

“அமுக்கினதாலதான் குழாயில இருந்த கேஸ் வெளியேறிச்சு. அதுவும் ஆபத்துதானே?”

“கேஸ் வெளியேறினது ஷெட்டுக்கு மேல, உயரத்துல இருக்கற புகைபோக்கி வழியா. அதுக்காகத்தான் அதைக் கட்டியிருக்கு. பூசணிக்காய் வந்தது தரை வழியா.”

ஓர் உறுப்பினர் தொண்டையைக் கனைத்தார். “நான் பொதுவா சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாதிரி இடத்துல பதற்றப்படாத ஆளுங்க வேணும். வரைவுல ஏற்கெனவே ஒரு வரி இருக்கு. பெண்கள் வேண்டாம்னு. இந்தச் சம்பவம் அதைத்தான் காட்டுது.”

நான் குரலை உயர்த்தவில்லை. குரலை உயர்த்தியிருந்தால் அதையும் பதற்றத்தில் சேர்த்திருப்பார்கள். “சார், அன்னைக்கு அந்த வண்டிகிட்ட பதறாம நின்னவங்க எல்லாருமே ஆம்பளைங்கதான். கையில நெருப்போட நின்னாங்க. பதறினது ஒரே ஒரு பொண்ணு. நீங்க அந்த வண்டி பக்கத்துல நின்னிருந்தா, கண்ட்ரோல் ரூம்ல யார் இருக்கணும்னு ஆசைப்படுவீங்க?”

சுபா பேனாவைத் திறந்தார். “இந்த வரியை எழுதினவங்க யாரு? கை தூக்கினா நான் அவங்ககிட்டயே காரணம் கேட்டுக்கறேன்” என்றார். ஒரு கையும் எழவில்லை. “யாரும் எழுதலைன்னா, எடுத்தா யாருக்கும் வருத்தம் இருக்காதில்ல?” என்று அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டார். தலைவர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சரி, எடுத்துடுங்க” என்றார். அத்தனை மாதம் தள்ளிப்போட்ட வரி அவ்வளவு நேரத்தில் போய்விட்டது.

பூஜை விஷயத்தில் சுபாவும் நானும்தான் சண்டை போட்டோம். “பேட, பேட”, வேண்டவே வேண்டாம், என்று கன்னடத்தில் தொடங்கினார். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் வேண்டாம். ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் பூஜையே கூடாது என்று எழுதவேண்டும் என்றார். எழுதலாம். எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். விடியற்காலையில் யாருக்கும் சொல்லாமல், கேமராவை மூடிவிட்டு, ஒளித்துக் கற்பூரம் ஏற்றுவார்கள். வருடம் முழுக்கத் தனக்குச் சோறு போட்ட மெஷினுக்கு ஒரு நாள் நன்றி சொல்லாமல் இருக்க இந்த ஊர் ஆட்களால் முடியாது. என்னாலும் முடியாது. சுபா என்னை முறைத்தார். பிறகு காரில் திரும்பும்போது, கோலார் பக்கத்திலிருக்கும் தன் அம்மா வீட்டில் மிக்ஸிக்குக்கூடப் பொட்டு வைப்பார்கள் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

கடைசியில் இப்படி எழுதினோம். பூஜை செய்யலாம். மெஷினுக்குப் பூ, சந்தனம், குங்குமம் வைக்கலாம். நெருப்பு வேண்டுமென்றால் கேஸ் முழுவதையும் நிறுத்தி, குழாயைக் காலி செய்துவிட்டு, கேட்டுக்கு வெளியே மட்டும். வெல்டிங்குக்கு எப்படி பர்மிட்டோ அப்படியே பூசணிக்காய்க்கும் பர்மிட். அதைக் கொடுக்கும் அதிகாரம் முதலாளிக்கும் இல்லை, பிளாண்ட் ஹெட்டுக்கும் இல்லை. அந்த நேரத்தில் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும். அதற்கு அடுத்த வரி, ஆபத்து என்று நினைத்து நல்லெண்ணத்தோடு யார் பிளாண்டை நிறுத்தினாலும், பிறகு ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும், அவர்மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது. இந்த வாக்கியத்தைச் சுபா பலமுறை மாற்றி எழுதினார். ஓட்டை இல்லாத வாக்கியம். நீங்கள் படித்துப் பாருங்கள்.

கதை இங்கே நல்லபடியாக முடிந்தது என்று நினைப்பீர்கள். விதி வரைவாக இருந்து நடைமுறைக்கு வரும்வரை கம்பெனியை எதுவும் கட்டுப்படுத்தாது. மஞ்சுளாவை வேலையை விட்டு எடுக்கவில்லை, எங்கள் ரிப்போர்ட் இருந்ததால். கேட்டில் போட்டார்கள். வருகிறவர்களுக்கு ஹெல்மெட் எடுத்துக் கொடுக்கும் வேலை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நாகராஜைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவர் எல்லாவற்றுக்கும் “ஹௌது மேடம்” என்று ஆமாம் போட்டார். மஞ்சுளாவே ஒரு நாள் ஃபோன் செய்தாள். “உங்க வீட்டு வாசல்ல உக்காரல மேடம். கேட்டு வாசல்ல உக்காந்திருக்கேன்” என்றாள். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அவளை நான்தான் அங்கே உட்கார வைத்தேன் என்ற நினைப்பு, நான் ரிட்டயர் ஆன நாளில் மாலை போட்டபோதும் கூடவே இருந்தது.

ரிட்டயர் ஆகிச் சில மாதம் கழித்து நாகராஜ் என் வீட்டுக்கே வந்தார். காபியைத் தொடவில்லை.

“நேத்து ஹோஸ்ல நெஜமாவே உஸ்ஸுன்னு வந்துச்சு மேடம். சுமதி கண்ட்ரோல் ரூம்ல இருந்துச்சு. பட்டனை அமுக்கல. எனக்கு ஃபோன் பண்ணி, ‘சார், அமுக்கலாமா?’ன்னு கேக்குது. நான் அத்திப்பள்ளி டிராஃபிக்ல நிக்கறேன். முன்னாடி லாரி, பின்னாடி லாரி. அமுக்கும்மா அமுக்கும்மான்னு கத்தறேன், சிக்னல் கட்டாயிடுச்சு. முனுசாமிதான் ஓடிப் போயி கையால வால்வை மூடியிருக்காரு. ஒண்ணும் ஆகல. ஆனா அந்த டிராஃபிக்ல நான் நின்ன நேரம் இருக்கே.” அவர் கையைப் பார்த்துக்கொண்டார். “அமுக்காம ஏம்மா என்னைக் கேட்டேன்னு சுமதிகிட்ட கேட்டேன். ‘கேட்டு வேலை எனக்கு வேணாம் சார்’ன்னு சொல்லிச்சு.”

நான் சொல்லவேண்டியதைச் சுமதி சொல்லிவிட்டாள். அடுத்த வாரமே மஞ்சுளா கண்ட்ரோல் ரூமுக்குத் திரும்பினாள். விதி நடைமுறைக்கு வந்தது அதற்கும் பிறகுதான்.

உங்கள் மேசைக்கும் ஒரு நாள் அப்படி ஒரு ரிப்போர்ட் வரும். பிளாண்ட் நிறுத்தப்பட்டது, சோதித்ததில் ஒன்றும் இல்லை. நஷ்டம் எவ்வளவு என்று உங்களுக்கு மேலே இருப்பவர் கேட்பார். அவருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், நிறுத்திய ஆளுக்கு ஃபோன் செய்து நன்றி சொல்லுங்கள். மிச்சக் கேள்விகளைச் சாயங்காலம் கேட்டுக்கொள்ளலாம்.

போன ஆயுத பூஜைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். கேட்டுக்கு வெளியே, புளியமரத்தடியில் கோலம் போட்டு, பூசணிக்காயை வைத்திருந்தார்கள். டிரெய்லர் ஒரு மாலையோடு உள்ளே தூரத்தில் நின்றது. முனுசாமி குளித்து விபூதி பூசி வந்திருந்தார். முதலாளியின் மாமனாருக்கு எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முதலாளி கையில் பூசணிக்காய், அதன் மேல் ஏற்றாத கற்பூரம், இன்னொரு கையில் வாக்கி-டாக்கி.

“மஞ்சுளா, ஏத்தலாமா?”

“இல்ல சார். இருங்க” என்று குரல் வந்தது.

இருந்தார். வெயில் ஏறியது. ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. பம்பைக்காரர்கள் பம்பையை இறக்கி வைத்துவிட்டு மதகின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். பூசணிக்காய் கனத்தது போலிருக்கிறது, முதலாளி கை மாற்றிக்கொண்டார். அவரிடம் சம்பளம் வாங்கும் அத்தனை பேரும் அவர் காத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இப்ப ஏத்திக்கலாம் சார்.”

பம்பை தொடங்கியது. பூசணிக்காய் சுற்றி உடைந்தது. ஷிஃப்ட் முடிந்து மஞ்சுளா வெளியே வந்ததும் நான் கேட்டேன். “எதுக்கும்மா அவ்வளவு நேரம் நிக்க வெச்சே? நான் நாகராஜைக் கேட்டேன், லீக் மீட்டர் அப்பவே சைபர் காட்டுச்சாமே.”

“அன்னைக்கும் சைபர்தான் மேடம் காட்டுச்சி” என்று சொல்லிவிட்டு, டிபன் டப்பாவைத் திறந்து பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.